ஏஐயும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்பதற்கு விடை எழுதும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பாவனைக்கு வந்தது. கொரோனாக் காலத்து வட்ஸ்அப் வகுப்புகளுக்காக வாங்கிய போன்கள் அதற்கு முன்பே வீடுகளில் இருந்தன. இரண்டும் சேர்ந்ததில், உவர்மலையிலும் சரி வெருகலிலும் சரி, வீட்டுவேலைக் கணக்கைப் படமெடுத்து விடை கேட்பது பிள்ளைகளுக்குச் சாதாரணமாகிவிட்டது. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

ஏஐ விடைகளை எங்கிருந்து எடுக்கிறது? கூகுளில் தேடுவது போலத்தானா?

இல்லை. பெருந்தொகையான எழுத்தைப் படித்துப் பழகிய ஒரு மென்பொருள், இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து விடையைக் கட்டுகிறது. சில செயலிகள் இடையில் இணையத்திலும் தேடும். ஆனாலும் விடையை எழுதுவது அந்தக் கணிப்புத்தான். ஆகவே தெரிந்த விசயத்தையும் தெரியாத விசயத்தையும் ஒரே சரளத்தோடு எழுதும். தெரியாத இடத்தில் பிள்ளை தடுமாறும், ஆசிரியர் "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்பார். ஏஐயின் எழுத்தில் அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் தெரியாது.

தமிழ்ப் பாடத்தில் இதை உடனே காணலாம். ஒரு குறளைக் கேட்டால் வேறு அதிகாரத்தின் எண்ணோடு தரும். சில வேளை குறள் போலவே ஒலிக்கும், ஆனால் 1330இல் எங்கும் இல்லாத இரண்டு அடிகளைத் தரும். முதலடியில் நான்கு சீரும் இரண்டாமடியில் மூன்று சீரும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் சில போலிகள் அகப்படும். மிச்சத்துக்கு அச்சு நூலைத் திறக்கத்தான் வேண்டும்.

இதை வைத்துப் படித்தால் பிள்ளைக்கு விளக்கம் கூடுமா, மூளை மழுங்குமா?

எந்த ஒழுங்கில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கு நல்லதொரு பரிசோதனை இருக்கிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்துக் கணித பாடத்தில் நடத்தப்பட்டு, 2025இல் வெளியானது. ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி. இரண்டாவது குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்த கருவி. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் கொப்பியும் மட்டும்.

பயிற்சி நேரத்தில், எதுவும் இல்லாத குழுவை விட முதற்குழு 48 சதவீதமும் இரண்டாங்குழு 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தன. பிறகு கருவிகளை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். சாதாரண கருவியோடு பழகிய முதற்குழு, கருவியையே காணாத பிள்ளைகளை விட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் கிடைத்த குழு விழவில்லை, ஏறவும் இல்லை. கருவியை ஊன்றுகோலாக வைத்துப் பழகிய பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகப் படித்திருக்கிறோம் என்பதே தெரியவில்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

எங்கள் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரக் கணிதத்தை நினைத்துப் பாருங்கள். பகுதி ஒன்று இரண்டு மணித்தியாலம், பகுதி இரண்டு மூன்று மணித்தியாலம், கையில் பேனை மட்டும். வீட்டில் 127 சதவீதம் கூடினாலும் மண்டபத்தில் உதவாவிட்டால் என்ன பயன்? இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா விடைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளை முதலில் கொப்பியில் எழுத வேண்டும், ஏஐ அதற்குப் பிறகு வரவேண்டும்.

சரி, வீட்டில் அதை எப்படிச் செய்வது?

தரம் 11 கூட்டு வட்டிக் கணக்கு ஒன்றை எடுப்போம். ரூபா 50,000ஐ ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டிக்கு இட்டால் இரண்டு ஆண்டு முடிவில் வட்டி எவ்வளவு?

போன் அடுத்த அறையில் இருக்கட்டும். பிள்ளை பத்து நிமிடம் கொப்பியில் முயற்சி செய்யட்டும். பெரும்பாலான பிள்ளைகள் முதல்முறை இப்படித்தான் எழுதுவார்கள்: 50,000க்கு 8 சதவீதம் 4,000, இரண்டு ஆண்டுக்கு 8,000. இந்தப் பிழையான வழி கொப்பியில் இருப்பது மிகவும் நல்லது. அதை அழிக்க விடாதீர்கள்.

இனிப் போனை எடுத்து, கணக்கையும் பிள்ளை எழுதிய வரிகளையும் கொடுத்து இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்:

"நான் இலங்கையில் தரம் 11 தமிழ்மொழி மூலம் படிக்கிறேன். இது கேள்வி, இது நான் செய்த வழி. விடையைச் சொல்ல வேண்டாம். எந்த வரியில் பிழை தொடங்குகிறது என்று மட்டும் காட்டி, நானே திருத்தக்கூடியதாக ஒரேயொரு கேள்வி கேள்."

பொதுவாக, "இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது கணக்கில் எவ்வளவு பணம் இருக்கும்?" என்பது போல ஒரு கேள்வி வரும். 54,000 என்று பிள்ளைக்குப் பொறி தட்டும். அதற்கு 8 சதவீதம் 4,320. மொத்த வட்டி 8,320. இதைப் பிள்ளை தன் கையால் எழுதியபின் போனை மூடிவிட்டு, எண்களை மாற்றி அதே வகைக் கணக்கு இரண்டு செய்ய வேண்டும். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விளக்கத்தைப் பார்த்து "விளங்கிற்று" என்று தலையாட்டுவது வேறு, பார்க்காமல் செய்வது வேறு.

இதில் பிழை வரும் இடம் ஒன்று உண்டு. நாலைந்து கேள்வி போனபின் ஏஐ "விடை சொல்லாதே" என்பதை மறந்து முழு வழியையும் கொட்டிவிடும். புதுக் கணக்குக்குப் புது உரையாடல் தொடங்கி, அந்த வேண்டுகோளை மீண்டும் ஒட்டுங்கள். போனின் குறிப்புச் செயலியில் அதைச் சேமித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தட்டத் தேவையில்லை.

ஏஐ தரும் தமிழ் எங்கள் பாடநூல் தமிழ் மாதிரி இல்லையே?

ஆம், விஞ்ஞான பாடத்தில் இது புள்ளியைப் பறிக்கும். இணையத்தில் உள்ள தமிழ்ப் பாட விளக்கங்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக் கலைச்சொற்களில் இருக்கிறது. ஏஐயும் அப்படியே எழுதுகிறது. இரசாயனவியலுக்கு வேதியியல், ஒட்சிசனுக்கு ஆக்சிஜன், ஒளித்தொகுப்புக்கு ஒளிச்சேர்க்கை, இழையத்துக்குத் திசு, மூலகத்துக்குத் தனிமம், ஆர்முடுகலுக்கு முடுக்கம். கணிதத்தில் தொடைக்குக் கணம், தாயத்துக்கு அணி. இவை வேறு சொற்கள் என்று பார்த்தவுடன் தெரிவதால் ஆபத்துக் குறைவு.

ஆபத்து, ஒரே சொல் இரண்டு இடத்திலும் வேறு பொருளில் வரும்போது. எங்கள் நூலில் திணிவு கிலோகிராமில், நிறை நியூற்றனில். தமிழ்நாட்டு நூலில் நிறை கிலோகிராமில், எடை நியூற்றனில். 6 கிலோகிராம் திணிவுள்ள பொருளின் நிறை என்ன என்று எங்கள் வினாத்தாள் கேட்டால், ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொண்டால் விடை 60 நியூற்றன். ஏஐ "நிறை 6 கிலோகிராம், எடை 60 நியூற்றன்" என்று எழுதும். அதன் கணக்கில் அது சரி. எங்கள் பரீட்சகர் அதற்குப் புள்ளி தரமாட்டார். வேகமும் அப்படியே. எங்களுக்குக் கதி என்பது திசையில்லாதது, வேகம் திசையுள்ளது. அங்கே வேகம் திசையில்லாதது, திசையுள்ளது திசைவேகம்.

தீர்வு எளிது. ஒவ்வொரு அலகையும் தொடங்கும்போது பாடநூலில் தடித்த எழுத்தில் உள்ள சொற்களைப் பிள்ளை ஒரு பட்டியலாக எழுதட்டும், இருபது சொல் போதும். உரையாடலின் முதல் செய்தியில் அதை இட்டு, "இலங்கைப் பாடநூற் சொற்களை மட்டும் பயன்படுத்து. திணிவு கிலோகிராமில், நிறை நியூற்றனில்" என்று சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் பழைய சொற்கள் நழுவி வரும். அவற்றைப் பிடித்துத் திருத்துவது பிள்ளைக்கு நல்ல மீட்டல்.

தமிழில் கேட்பதா, ஆங்கிலத்தில் கேட்பதா?

தமிழ்மொழி மூலப் பரீட்சைக்குத் தமிழில் கேளுங்கள். முன்பு தமிழ் எழுத்துகளை இக்கருவிகள் மிகச் சிறு துண்டுகளாக உடைத்து வாசித்ததால் விடை மெதுவாகவும் சுருக்கமாகவும் வந்தது, இலவச அளவும் விரைவில் தீர்ந்தது. 2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட புதிய மாதிரி (ஏஐ மென்பொருள்), ஒரு தமிழ் எடுத்துக்காட்டுப் பகுதியை 116 துண்டுக்குப் பதில் 35 துண்டில் அடக்கியது. அதன் பிறகு தமிழில் பேசுவது இலகுவாயிற்று. விடை சந்தேகமாக இருந்தால் அதே கேள்வியை ஆங்கிலத்திலும் கேட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் பாடநூல்தான் முடிவு.

வினாத்தாளை ஒட்டினால் கண்டபடி விடை வருகிறது. ஏன்?

அநேகமாக எழுத்துரு. எங்கள் பாடசாலைகளில் பல வினாத்தாள்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஏஐக்குப் போவது அந்த உள்ளிருப்பு. அது ஊகித்து ஏதோ சொல்லும். முதலில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசிக்க வேண்டும். கணிதக் குறிகளும் ஆங்கிலச் சொற்களும் மாற்றத்தில் சிதையும்.

பாடநூல் பிடிஎஃப்களிலும் இந்தச் சிக்கல் வரலாம். சோதிக்க ஒரு வழி: பிடிஎஃபில் ஒரு வரியைத் தெரிவுசெய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் கோப்பையே கொடுக்கலாம். கிறுக்கலாக வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படமாகக் கொடுங்கள்.

படம் எடுக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். முழுப்பக்கத்தைக் கொடுத்தால் பின்னங்களின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் இடம் மாறும். கேத்திரகணித உருவில் கோணப் பெயர்களைப் பிழையாக வாசிப்பது அடிக்கடி நடக்கும். "முதலில் உருவில் நீ காண்பதைச் சொல்" என்று கேட்டு, சரியாக வாசித்திருந்தால் மட்டும் மேலே போங்கள். தட்டச்சு வராத பெற்றோர் கூகுள் விசைப்பலகையின் குரல் தட்டச்சில் 'தமிழ் (இலங்கை)' என்பதைத் தெரிவுசெய்து பேசலாம்.

எத்தனை வயதில் கொடுக்கலாம்?

சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தக்கூடாது. 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். கிளோட் என்ற இன்னொரு ஏஐ கருவி 18 வயதானவர்களுக்கு மட்டும். 2023 செப்டெம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டியும் வகுப்பறைப் பாவனைக்கு 13ஐயே கீழெல்லையாகப் பரிந்துரைத்தது. எங்கள் கருத்தில் தரம் 8 வரை பெற்றோரோ ஆசிரியரோ போனைப் பிடித்திருக்க, பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்கலாம். தனிக் கணக்கு தேவையில்லை.

புலமைப்பரிசில் பிள்ளைக்கு இதில் ஏதும் உண்டா?

பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. தரம் 5 பிள்ளைக்கு எண்கோலம், அளவீடு, வாசிப்புப் பந்தி என்று பயிற்சிக் கேள்விகள் செய்ய ஏஐ உதவும். ஆனால் பத்துக் கேள்வி கேட்டால் சில கழிவாகும். வழமையான குறைகள்: இரண்டு விடையும் சரியாக இருப்பது, எந்த விடையும் சரியாக இல்லாதது, சரியான விடை மட்டும் மற்றவற்றை விட நீளமாக இருப்பது. கோலக் கேள்விகளில் ஏஐ நினைத்த விதியைத் தவிர வேறு விதியும் பொருந்தும். நீங்கள் முதலில் பேனையோடு உட்கார்ந்து செய்து பார்த்து, குறையில்லாதவற்றை மட்டும் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்கள் முடியும் வரை ஏஐக் கேள்விகளுக்குப் போகவே தேவையில்லை.

ஆசிரியருக்கு உண்மையில் எங்கே நேரம் மிச்சமாகும்?

பாடக்குறிப்பின் முதல் வரைவில். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியிலிருந்து தேர்ச்சி மட்டத்தையும் கற்றற் பேறுகளையும் நீங்களே கொடுத்து, 40 நிமிடப் பாடவேளை, 38 பிள்ளைகள், கரும்பலகை மட்டும் என்று நிலைமையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புரொஜெக்டரும் குழுவுக்கொரு ரப்லெட்டும் உள்ள வகுப்பை நினைத்துக்கொண்டு எழுதும்.

இன்னும் பயனுள்ளது, ஒரே கேள்வியை மூன்று மட்டத்தில் எழுதுவிப்பது. தம்பலகாமத்திலோ குச்சவெளியிலோ ஒரே வகுப்பில், பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளையும் அடுத்த தரக் கணக்குச் செய்யும் பிள்ளையும் இருக்கும். இருவருக்கும் வேறு வேறு பயிற்சித்தாள் கையால் எழுத இரவாகிவிடும். ஏஐ அதை நிமிடங்களில் தரும், நீங்கள் இருபது நிமிடத்தில் திருத்தலாம். விடைகளையும் நீங்களே கணித்து எழுதுங்கள். நீண்ட பெருக்கலிலும் வகுத்தலிலும் இது இப்போதும் சறுக்கும்.

கட்டுரைத் திருத்தத்துக்கு இதை நம்ப வேண்டாம். உத்தியோகபூர்வ புள்ளியிடும் திட்டத்தைக் கொடுத்தாலும் ஒரே விடைக்கு இரண்டு முறை கேட்டால் இரண்டு புள்ளி தரும். பிள்ளையின் கையெழுத்துப் படத்தைத் தானே "திருத்தி" வாசித்துவிட்டுப் பிழையே இல்லை என்று சொல்வதும் உண்டு.

ஒப்படையை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதாமே?

இருக்கிறது, அதை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்காதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று பிழையாகச் சொன்னது. துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று குறிக்கப்பட்டன. எங்கள் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் அந்த வகைதான்.

சந்தேகம் வந்தால் பிள்ளையை மேசைக்கு அழைத்து மூன்று நிமிடம் பேசுங்கள். "இந்தப் பந்தியை உன் சொல்லில் சொல்லு", "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?", "இதை ஏன் முதலில் வைத்தாய்?" எழுதிய பிள்ளை சொல்லிவிடும். சொல்ல முடியாவிட்டால் திட்டத் தேவையில்லை. வகுப்பில் அமர்ந்து ஒரு பந்தியை மீண்டும் எழுதட்டும், புள்ளி அதற்கு.

அப்படியானால் எப்படிப்பட்ட ஒப்படை கொடுப்பது?

போனுக்குள் இல்லாததைக் கேளுங்கள். திருகோணமலையில் அதற்குக் குறைவில்லை. "வெந்நீரூற்றுகள் பற்றிக் கட்டுரை எழுதுக" என்றால் முப்பது பிள்ளையும் ஒரே கட்டுரையோடு வரும். கன்னியாவுக்குப் போய் ஏழு கிணறுகளின் வெப்பநிலையையும் வெப்பமானியால் அளந்து, ஒவ்வொன்றிலும் மூன்று வாசிப்பு எடுத்து, இடை கண்டு, சலாகை வரைபு வரைந்து, வாசிப்புகள் ஏன் வேறுபட்டன என்று எழுதச் சொன்னால் ஏஐயிடம் அந்த எண்கள் இல்லை. வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து வாசித்த பிள்ளைக்கு எண் குறைந்துதான் இருக்கும். அதைத் தானே கண்டுபிடித்து எழுதும் பிள்ளை விஞ்ஞானம் படித்துவிட்டது.

மீன் சந்தையில் ஐந்து நாள் பாரை, சூரை, கீரி மீன் விலைகளைக் குறித்து இடையும் வீச்சும் காண்பது, அம்மம்மாவிடம் கொட்டியாரக் குடாவைத் தோணியில் கடந்த கதையைக் கேட்டு அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுவது, தெருப்பெயர்ப் பலகைகளின் மூன்று மொழி எழுத்தையும் ஒப்பிடுவது, எல்லாம் இந்த வகை. வரைவு, திருத்தியது, இறுதி என்று மூன்றையும் கேட்டால் வேலை நடந்த வழியும் தெரியும்.

ஒவ்வொரு ஒப்படையின் தலைப்பிலும் ஒரு வரி இருக்கட்டும்: "ஏஐ கூடாது", "எழுதியபின் திருத்த மட்டும்", "தாராளமாகப் பயன்படுத்தலாம், எதற்கென்று கீழே எழுதுக". அந்த வரி இல்லாத இடத்தில் பிள்ளையும் ஆசிரியரும் ஆளுக்கொரு விதியை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி ரியூசனும் ஆசிரியரும் தேவைப்படாதா?

விடைத்தாள் வாசித்துக் காட்டும் ரியூசனுக்கு இடம் குறையும். அது நல்லதே. ஆனால் பிள்ளை ஏன் பின்வரிசைக்கு நகர்ந்தது, காலையில் சாப்பிட்டதா, கேள்வியே விளங்காமல் மௌனமாக இருக்கிறதா என்பதைப் பார்க்கும் கண் ஆசிரியருடையது. ஏஐ, கேட்டவருக்குத்தான் பதில் சொல்லும். கேட்கத் தெரியாத பிள்ளையைத் தேடிப் போகாது. அந்தப் பிள்ளைக்காகத்தான் பாடசாலை.

ஒன்றை மறுக்கவும் மாட்டோம். கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் கிடைக்காத கிராமப் பாடசாலைப் பிள்ளைக்கு, இரவு எட்டு மணிக்குச் சந்தேகம் கேட்க ஓரிடம் கிடைப்பது பெரிய விசயம். நகரப் பிள்ளையை விட அந்தப் பிள்ளைக்கே இதைச் சரியாகப் பழக்கிக் கொடுக்க வேண்டும். வெற்றிடத்துக்கு ஆசிரியர் கேட்பதை அதற்காக நிறுத்தவும் கூடாது.

எங்கள் பாடசாலையில் நெட் இல்லை. வெள்ளம் வந்தால் கரண்டும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தியது. வெள்ளத்தில் மூதூர், வெருகல் பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இணையத்தை மட்டும் நம்பிய படிப்பு அப்படிப்பட்ட நாட்களில் நின்றுவிடும்.

நெட் உள்ள இடத்தில் ஒருநாள் இருந்து, கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல்கள், கல்வி அமைச்சின் கற்றல் தளமான ஈ-தக்சலாவவில் உள்ளவை, கடந்தகால வினாத்தாள்கள், புள்ளியிடும் திட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் இறக்குங்கள். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி நெட் இல்லாமல் வாசிக்கலாம். கொலிப்ரி என்பது அதே போல நெட் இல்லாத வகுப்புக்கான இலவச மென்பொருள். ஒரு கணினியில் நிறுவி, சாதாரண வைஃபை ரவுட்டரில் இணைத்தால், சுற்றியுள்ள போன்கள் டேட்டா இல்லாமலே பாடங்களைத் திறக்கும்.

8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் ஓலாமா என்ற மென்பொருள் வழியாக ஜெம்மா போன்ற சிறிய ஏஐ மாதிரியை நெட் இல்லாமல் ஓட்டவும் முடியும். பதிவிறக்கம் மூன்று ஜிபியைத் தாண்டும். ஆனால் சிறிய மாதிரிகளின் தமிழ் தளம்பும், பிழையும் கூடும். ஆசிரியர் தன் வரைவுக்குப் பயன்படுத்தலாம், பிள்ளைகளிடம் விடக்கூடாது.

மாதக் கட்டணம் கட்டத்தான் வேண்டுமா?

வேண்டாம். பாடசாலைப் படிப்புக்கு இலவச அளவு போதும். மாதம் 20 டொலர் கட்டணப் பதிப்புக்குப் போகும் பணத்தில் நல்ல அகராதியும் வினாத்தாள் தொகுப்புகளும் வாங்கலாம். எழுத்தில் கேட்கும் கேள்விக்கும் விடைக்கும் டேட்டா மிகக் குறைவு. படம் ஒவ்வொன்றும் 3, 4 மெகாபைட் வரலாம் என்பதால் வெட்டிச் சுருக்கி அனுப்புங்கள். குரல் உரையாடலும் காணொளியும்தான் டேட்டாவைத் தின்னும்.

எவற்றை அதில் போடக்கூடாது?

பிள்ளையின் முழுப்பெயரும் பாடசாலையும் சேர்ந்த எதுவும், அடையாள அட்டை, சுட்டெண், புள்ளி அறிக்கை, மருத்துவச் சீட்டு, மற்றப் பிள்ளைகளின் முகம் உள்ள வகுப்புப் படம். ஆசிரியர்கள் புள்ளிப் பட்டியலைக் கொடுத்துப் பகுப்பாய்வு கேட்பதானால் பெயர்களை நீக்கி 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளின் தரவை அது தனிக் கவனத்தோடு பார்க்கிறது. சாட்ஜிபிடியின் அமைப்புகளில் தரவுக் கட்டுப்பாடு என்ற பகுதிக்குப் போய், உரையாடல்களை மாதிரியின் பயிற்சிக்குக் கொடுக்கும் தெரிவை அணைத்துவிடலாம்.

சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழக உதவுமா?

இதில்தான் மிக நன்றாக உதவும். பிழைவிட்டால் சிரிக்க ஆளில்லை என்பது கூச்சமுள்ள பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். "நீ கந்தளாயில் ஒரு கடைக்காரர். நான் அரிசி வாங்க வருகிறேன். எளிய சிங்களத்தில் பேசு, நீ சொல்வதைத் தமிழ் எழுத்திலும் காட்டு, ஒவ்வொரு ஐந்து வசனத்துக்கும் என் பிழையில் முக்கியமான ஒன்றை மட்டும் திருத்து" என்று தொடங்கலாம். எல்லாப் பிழையையும் திருத்தச் சொன்னால் பிள்ளை வாயை மூடிவிடும். சிங்களத்தில் பேச்சு வழக்கையும் எழுத்து வழக்கையும் ஏஐ கலந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை சிங்களம் பேசும் அயலவருடனோ ஆசிரியருடனோ சரிபார்க்க வேண்டும்.

மகள் இரவில் படிப்பை விட்டு அதோடு மனக்குறை பேசுகிறாள் போலிருக்கிறது.

கோபப்படாமல் விசாரியுங்கள். யாரிடமும் சொல்ல முடியாதது ஒன்று இருக்கலாம். போன் இரவில் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றத்தில் இருக்கட்டும், அது வீட்டில் எல்லோருக்கும் பொதுவான விதியாகட்டும். ஏஐ பெரும்பாலும் கேட்பவரோடு ஒத்துப் பேசும். கஷ்டத்தில் உள்ள பிள்ளைக்கு அது போதாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்களைப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

உயர்தரத்துக்கு இனி எந்தத் துறை எடுப்பது?

ஏஐக்குப் பயந்து துறையை மாற்ற வேண்டாம். பிள்ளைக்கு ஓடும் துறையே நல்லது. எந்தத் துறையானாலும் விடையை மதிப்பிடும் அறிவு தேவைப்படும், அது அடிப்படைப் பாடத்திலிருந்துதான் வரும். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பவர்கள் பைதன் நிரலை முதலில் தாங்களே எழுதி, வழு வந்தால் அதை மட்டும் ஒட்டி "ஏன் இந்த வழு?" என்று கேட்கலாம். முழு நிரலையும் கேட்டு வாங்கியவர் பரீட்சையில் வெற்றுத்தாளில் எழுத முடியாமல் நிற்பார்.

வகுப்பில் ஆசிரியரிடம் மட்டும்தான் போன் இருக்கிறது. ஏதும் செய்யலாமா?

செய்யலாம், எங்களுக்குப் பிடித்த முறையும் இதுதான். முந்தின இரவு ஏஐயிடம் ஒரு கேள்விக்கு விடை வாங்குங்கள். பிழையுள்ள விடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திணிவு, நிறை கேள்வி தவறாமல் உதவும். அதைக் கரும்பலகையில் எழுதி, நாலு பேர் கொண்ட குழுக்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்: "இதில் எது பிழை, எந்தப் பக்கம் ஆதாரம்?" பிள்ளைகள் பாடநூலைத் திறந்து பக்க இலக்கத்தோடு விடை சொல்ல வேண்டும். ஒரு குழு பிழையில்லாததையும் பிழை என்று பிடித்தால் அதையும் பலகையில் எழுதி வாதாட விடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் சரியான விடையைப் புத்தகத்தை மூடிவிட்டுக் கொப்பியில் எழுதட்டும்.